போத்தலுக்குள் ஓர் அமானிதம்



பாடசாலை விடுமுறை வந்தால் பிள்ளைகள் வளவிலிருந்து எதையெதையோ வீட்டுக்குள் கொண்டு வருவார்கள். கடந்த விடுமுறையில் என் இளைய மகன் கொண்டு வந்தது ஒரு சிலந்திக் குஞ்சு. கொய்யா இலையில் இருந்ததாம். அரிசிமணி அளவுகூட இல்லை. “உம்மா, இத நான் வளக்கப் போறன்” என்று ஜாம் போத்தலை நீட்டினான். என் கை தும்புத்தடியைத்தான் தேடியது.

ஆனால் ஒரு ஹதீஸ் என்னைத் தடுத்தது. பூனையொன்றை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், தானே இரை தேடித் தின்ன விடாமலும் சாகடித்த பெண் அதற்காகவே நரகம் புகுந்தாள் என நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. அதேவேளை, அபூ உமைர் என்ற சிறுவர் சின்னப் பறவையொன்றை வைத்து விளையாடியதை அவர்கள் தடுக்கவில்லை. அன்போடு அதுபற்றி விசாரித்தார்கள். ஆகவே வளர்ப்பது குற்றமல்ல. அடைத்து வைத்துவிட்டு மறந்து போவதே குற்றம். “மூடியைப் பூட்டினால் அதன் இரையும் தண்ணீரும் உன் பொறுப்பு. அது உன்னிடமுள்ள அமானிதம்” என்றேன். மகன் தலையாட்டினான்.

அது வலை கட்டிக் காத்திருக்கும் வகையல்ல. சுவரில் துள்ளிப் பாயும் தாவும் சிலந்தி. எட்டுக் கண்களில் முன்னாலுள்ள இரண்டும் பெரியவை. போத்தலைச் சுற்றி நாம் நடந்தால் அதுவும் திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

உங்கள் பிள்ளையும் இப்படியொன்றைக் கொண்டு வந்தால் சில விடயங்களைக் கவனியுங்கள். மூடியில் ஊசியால் துளைகள் இடுங்கள். ஏறி நிற்க ஒரு சிறு குச்சி வையுங்கள். ஒரு போத்தலில் ஒன்றுதான். இரண்டு இருந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். வாழைப்பழத் தோலில் மொய்க்கும் பழ ஈக்களை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை உயிரோடு விடுங்கள். இரை சிலந்தியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. தண்ணீர் ஊற்ற வேண்டாம். உட்சுவரில் ஒரு சிறு துளி போதும். வெயில் படும் யன்னலோரம் வேண்டாம். நுளம்புச் சுருள், பூச்சி மருந்து அருகில் வரவே கூடாது.

பத்தாம் நாளளவில் அது மேல் மூலையில் நூலால் பைபோல் பின்னி உள்ளே படுத்துக்கொண்டது. இரையைத் தொடவில்லை. மகன் போத்தலை உலுக்கப் பார்த்தான், நான் விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் பைக்குள் அசையாத கால்கள் தெரிந்தன. “மௌத்தாப் போச்சு உம்மா!” என்று அழுதான். உற்றுப் பார்த்தால் அது வெறும் தோல்! கழற்றிய சட்டை போல் அதை விட்டுவிட்டு, சிலந்தி பளபளவென்று பக்கத்தில் நின்றது. வளரும்போது அவை இப்படிப் பலமுறை தோல் கழற்றும். அந்நேரம் உடல் மிக மென்மையானது. இரையை வெளியே எடுத்துவிட்டு, தொடாமல் விடுவதே உதவி.

ஓர் எச்சரிக்கை: உள்ளங்கை அகல உரோமச் சிலந்தியைப் பிள்ளைகள் தொடவே கூடாது. சிங்களத்தில் ‘திவி மகுளுவா’ எனப்படும் அதன் கடி கடும் வேதனையும் தசைப்பிடிப்பும் தரும். அருகி வரும் அவ்வினம் 2019 இல் ‘சைட்டிஸ்’ சர்வதேச உடன்படிக்கையின் 2 ஆம் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

விடுமுறை முடிய முதல்நாள், போத்தலை அதே கொய்யா மரத்தடிக்குக் கொண்டு போனோம். மூடியைத் திறக்க மகனுக்கு மனமில்லை. “பாடசாலை நாளில் யார் இரை தேடுவது?” என்று கேட்டேன். சற்று நேரம் நின்றான். பிறகு தானே திறந்தான். மத்ரஸாவில் அல்-அன்கபூத் ஸூராவின் விளக்கத்தைக் கேட்டவனல்லவா, “சிலந்திட வீடு பலமில்லாததுதானே உம்மா, மழை பேஞ்சா?” என்றான்.

“படைத்தவன் பார்த்துக்கொள்வான் மகன். அவனிடமிருந்து நாம்தான் கொஞ்ச நாள் இரவல் வாங்கியிருந்தோம்.”

சகோதரிகளே! அடுத்த முறை தும்புத்தடியை எடுக்கும் முன் பிள்ளையின் முகத்தை ஒருகணம் பாருங்கள். எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு இப்போது யாரும் சொல்லாமலே காலையில் தண்ணீர் வைக்கப்படுகிறது. அல்ஹம்துலில்லாஹ்!