மாம்பழ விற்பனைக்கு மின்னஞ்சல்: படம் திறக்காவிட்டாலும் விலை தெரிய வேண்டும்!

கேள்வி: ''ஐந்து ஏக்கரில் இமாம் பசந்த், செந்தூரா மாமரங்கள் உள்ளன. பழங்களைப் பெட்டியில் அடைத்து நேரடியாக விற்கிறோம். பழைய வாடிக்கையாளர்கள் 400 பேருக்கு, மகன் சொந்தமாக வடிவமைத்த ஹெச்.டி.எம்.எல் மின்னஞ்சலை அனுப்பினோம். 'வெறும் கட்டம்தான் தெரிகிறது' என்கிறார்கள் சிலர். சிலருக்கு வந்து சேரவே இல்லை. அறுவடை தொடங்கிவிட்டது. என்ன செய்வது?''

- திண்டுக்கல் மாவட்ட வாசகர்.

பதில்: நோட்டீஸ் அடிப்பதுபோல ரகம், விலை, போன் எண் எல்லாவற்றையும் ஒரே படமாக்கி ஒட்டுவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். அவுட்லுக் போன்ற மென்பொருள்கள், முன்பின் தெரியாத முகவரியிலிருந்து வரும் படங்களைத் தாமாகத் திறப்பதில்லை. படிப்பவர் அனுமதித்தால்தான் திறக்கும். அதுவரை வெறும் கட்டம்தான். எழுத்தே இல்லாத கடிதம், ஸ்பேம் பகுதிக்குப் போகும் வாய்ப்பும் அதிகம்.

எனவே ரகம், பெட்டியின் எடை, விலை, அனுப்பும் நாள், போன் எண் ஆகிய ஐந்தையும் எழுத்தாகவே தட்டச்சு செய்ய வேண்டும். படம் அழகுக்கு மட்டும்தான். ஒவ்வொரு படத்துக்கும் 'ஆல்ட்' என்ற இடத்தில் 'இமாம் பசந்த், 5 கிலோ பெட்டி' என்பதுபோல எழுதினால், படம் திறக்காதபோது அந்த வரி தெரியும்.

வடிவமைப்பில் கவனிக்க வேண்டியவை:

1. அகலம் 600 பிக்சலுக்குள் இருக்கட்டும். வரிசைகளை டேபிள் முறையில் அமைப்பது நல்லது. கணினியில் உள்ள பழைய அவுட்லுக், வேர்டு மென்பொருளின் முறையில்தான் கடிதத்தைக் காட்டும். இணையதளத்துக்கான புதிய உத்திகள் அதில் கலைந்துவிடும்.

2. நிறம், எழுத்தளவு போன்றவற்றைத் தனிக் கோப்பில் வைக்காமல், அந்தந்த வரியிலேயே குறிப்பிட வேண்டும்.

3. தமிழ் எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால், படிப்பவருக்கு ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

4. குறியீட்டின் அளவு 102 கே.பி-யைத் தாண்டினால், ஜிமெயில் மீதியை மறைத்துவிடும். விலையும் போன் எண்ணும் மேலேயே இருக்கட்டும்.

5. 'இனி கடிதம் வேண்டாம்' என்பதற்கான இணைப்பு கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் வாடிக்கையாளர் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்துவார். பலர் அப்படிச் செய்தால், ஆவலோடு காத்திருப்பவருக்கும் கடிதம் போய்ச் சேராது.

சொந்த இணைய முகவரியிலிருந்து அனுப்புபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்.பி.எஃப் அல்லது டி.கே.ஐ.எம் பதிவு அவசியம். இணைய முகவரி வாங்கிய நிறுவனத்திடம் கேட்டால் செய்து தருவார்கள்.

அறுவடை தொடங்கிவிட்டதால், இந்த வாரம் வடிவமைப்பைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். பறித்த பழம் காத்திருக்காது. ஐந்து விவரங்களையும் பத்து வரியில் சாதாரணக் கடிதமாக எழுதி, வழக்கமான ஜிமெயில் கணக்கிலிருந்து நாளுக்கு 100 பேர் வீதம் அனுப்பலாம். முகவரிகளை 'பி.சி.சி' இடத்தில் போட வேண்டும். இல்லாவிட்டால், ஒருவருடைய முகவரி மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வடிவமைப்பை அடுத்த பருவத்துக்குள் மகன் சரிசெய்யட்டும். அனுப்பும் முன் வீட்டிலுள்ள இரண்டு மூன்று போன்களிலும் ஒரு கணினியிலும், படங்களைத் திறக்காமல் படித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் விலையும் போன் எண்ணும் தெரிந்தால், தாராளமாக அனுப்பலாம்.