விலையை ஏற்றுவது யார், திட்டு வாங்குவது யார்?

 

2024 தைப்பூசம் ஜனவரி 25ஆம் தேதி. பால்குடம், காவடி பதிவுக்கான அறிவிப்பு ஏற்கெனவே போட்டாச்சு, அதைப் பற்றி இதில் கேட்காதீங்க. இது அன்னதானம் பற்றியது. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

போன ஞாயிற்றுக்கிழமை சமையல்கூடத் தொண்டர்கள் எல்லாரும் உட்கார்ந்து பூசத்துக்குச் சாமான் பட்டியல் எழுதினோம். அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி, வெங்காயம், தேங்காய். பக்கத்தில் போன வருஷத்து பில். பாதி எழுதும்போதே ஒரு அண்ணன் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இந்த வருஷம் சோறு வேணாம், சுண்டலும் சிராப் தண்ணியும் கொடுத்து முடிச்சிடலாம்" என்றார். இன்னொருவர், வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டையும் மாதத்துக்கு ஒரு தடவை ஆக்கிவிடலாம் என்றார். அவர்களைக் குறை சொல்லவில்லை. இருபது வருஷமாகக் கரண்டி பிடித்தவர்கள், கணக்குத் தெரிந்துதான் சொன்னார்கள்.

ஆனால் வெள்ளிக்கிழமை யார் சாப்பிட வருகிறார்கள் என்று தெரிந்தவர்கள் அப்படிச் சட்டென்று நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். தஞ்சோங் ரம்புத்தான் என்று ஊர்ப் பேரைச் சொன்னாலே வெளியூர்க்காரன் ஒரு மாதிரி சிரிப்பான், நமக்குப் பழகிவிட்டது. 1911இல் வெள்ளைக்காரன் கட்டிய அந்த ஆஸ்பத்திரியில் உள்ளே இருப்பவர்களைப் பார்க்க எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வருகிறார்களே அம்மாக்கள், அவர்களில் சிலர் நம் கோயிலில்தான் கை நனைத்துவிட்டுப் போகிறார்கள். எஸ்டேட்டை விட்டு வந்து மலிவு விலை வீட்டில் தனியாக இருக்கும் தாத்தா பாட்டிகள் வருகிறார்கள். ஒரு பாட்டி இரண்டாவது தடவை சோறு வாங்கி டப்பாவில் போட்டுக்கொள்வார். ராத்திரிக்கு அதுதான். நாங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்போம்.

சரி, விலை ஏன் இப்படி? கேட்டால் நம் ஆட்களுக்கு ஒரே பதில்தான்: "கடைக்காரன் கொள்ளை அடிக்கிறான்." போன மாதம் டவுனில் ஒரு மளிகைக் கடையில் நம் பக்தர் ஒருவரே அரிசிப் பையைத் தூக்கிக் கல்லா மேல் போட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். அந்தக் கடைக்காரர் நமக்கு வருஷக்கணக்காகக் கடனுக்குச் சாமான் கொடுத்தவர். நம்ம அப்பா அம்மா காலத்தில் 555 நோட்டில் எழுதி வைத்துவிட்டுச் சம்பளத்தன்று வாங்கிக்கொண்ட கடைகள் இவை. அவர் எங்களைக் கூப்பிட்டுத் தான் சரக்கு எடுத்த பில்லையே காட்டினார். ஒரு பைக்கு அவருக்கு நிற்பது ஒரு டீ காசு.

அந்த பில்லை வைத்துக்கொண்டு நாங்கள் போட்ட கணக்கைச் சொல்கிறோம். உள்நாட்டு வெள்ளை அரிசிக்கு அரசாங்கம் வைத்த கட்டுப்பாட்டு விலை 10 கிலோவுக்கு 26 வெள்ளி. இது நமக்கு எல்லாருக்கும் தெரியும். இறக்குமதி அரிசிக்கு அப்படிக் கட்டுப்பாடு இல்லை. 2023 செப்டம்பர் 1ஆம் தேதி பெர்னாஸ் நிறுவனம் தன் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை ஒரு டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏற்றியது. ஒரே நாளில் 36 விழுக்காடு. 10 கிலோ பைக்குப் பிரித்தால் 23 வெள்ளி 50 காசாக இருந்தது 32 வெள்ளி. லோரி வாடகை, மொத்த வியாபாரி, கடை வாடகை எல்லாம் இதற்கு மேல்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரே மாதிரி வெள்ளை அரிசி. உள்நாட்டுப் பையில் இருந்தால் கடையிலேயே 26க்கு மேல் விற்க முடியாது. இறக்குமதிப் பையில் இருந்தால் அப்போது மொத்த விலையே 32. பையை மாற்றினால் போதும், காசு. அப்போ உள்நாட்டு அரிசி எங்கே போகும்? செப்டம்பர், அக்டோபரில் நாம் கடை கடையாக ஏறி இறங்கினோமே, உள்நாட்டு அரிசி அடுக்கு மட்டும் காலி, பக்கத்தில் விலை கூடின பை மலை மாதிரி. அதிகாரிகளே ஆலைகளிலும் கிடங்குகளிலும் சோதனை போட வேண்டியதாயிற்று. 26 வெள்ளி என்று சட்டம் இருக்கு, 26 வெள்ளிக்கு அரிசி இல்லை. இந்தக் கட்டுப்பாட்டு விலையை வைத்து நாங்கள் சோறு பொங்க முடியாது.

பெர்னாஸ் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறோம். 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு வரி போட்டது. நம் வீட்டுப் பொன்னி விலை ஏறியதும் அதனால்தான். உலக விலையே ஏறியது உண்மை. நெல் விவசாயிகளிடம் வாங்குவது, கையிருப்பு வைப்பது என்று பெர்னாஸுக்குப் பொறுப்புகளும் உண்டு.

எங்கள் சண்டை அங்கே இல்லை. நாட்டுக்கு வேண்டிய அரிசியில் ஒரு பெரும் பங்கு வெளியிலிருந்து வருகிறது. அது உள்ளே வர ஒரே வாசல், அந்த வாசலுக்கு ஒரே சாவி. முன்பு அரசாங்க வாரியமாக இருந்தது 1996இல் தனியார் கைக்குப் போனது. உரிமம் 2021 ஜனவரியோடு முடிந்திருக்க வேண்டியது, இன்னும் 10 வருஷம் நீட்டிக் கொடுத்துவிட்டார்கள், 2031 வரைக்கும். அந்த 3,200 வெள்ளியில் எவ்வளவு உலக விலை, எவ்வளவு லாபம் என்று நீங்களும் நானும் கேட்க முடியுமா? பக்கத்து இறக்குமதியாளர் என்ன விலைக்குத் தருகிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் பக்கத்தில் ஆளே கிடையாது. ஒரு ஊருக்கு ஒரே கிணறு, அதையும் பூட்டி ஒருத்தரிடம் கொடுத்தால், அவர் நல்லவரே ஆனாலும் குடம் தூக்குகிறவன் வாயைத் திறக்க முடியாது.

சீனியும் இதே கதைதான், சுருக்கமா சொல்றோம். நாட்டில் பெரிய சீனி ஆலை நடத்துவது இரண்டே நிறுவனங்கள். கிலோ 2 வெள்ளி 85 காசுச் சீனி 2023இல் எத்தனை வாரம் கண்ணில் படவில்லை? விலை கூடின "பிரீமியம்" சீனி மட்டும் எப்படித் தட்டாமல் கிடைத்தது? பாயசம் வைக்கிற எங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது கோழி. கோயில் பேஜில் கோழிப் பேச்சா என்று கோபப்படாதீங்க, இதைச் சொல்லாமல் விட முடியாது. 2023 டிசம்பர் 22ஆம் தேதி மலேசியப் போட்டித்தன்மை ஆணையம் ஐந்து கோழித் தீவன நிறுவனங்களுக்கு மொத்தம் 41 கோடியே 55 லட்சம் வெள்ளி அபராதம் போட்டது. 2020 தொடக்கம் முதல் 2022 நடுப்பகுதி வரை, அதாவது கோவிட்டில் நம் பிள்ளைகள் வேலை இழந்து வீட்டில் இருந்த காலத்தில், தீவன விலையை ஒன்றாகச் சேர்ந்து ஏற்றினார்கள் என்பது ஆணையத்தின் முடிவு. நிறுவனங்கள் நாங்கள் அப்படிச் செய்யவில்லை என்றார்கள், மேல்முறையீடு என்றார்கள். அது போகட்டும். ஆனால் அந்த வருஷங்களில் கோழி விலைக்காகத் திட்டு வாங்கியது யார்? பசாரில் கோழி வெட்டுகிற ஆள். முட்டைக் கடை அக்கா. தீவனம் பற்றி நம்மில் ஒருத்தராவது பேசினோமா?

எல்லாத்தையும் கம்பெனி தலையில் போடுவதும் சரி கிடையாது. வெங்காய விலை ஏறியதற்குக் காரணம் 2023 டிசம்பர் 8ஆம் தேதி இந்தியா போட்ட ஏற்றுமதித் தடை. அதற்குச் சீன வெங்காயம் வாங்கிச் சமாளிக்க வேண்டியதுதான், சாம்பார் ருசி கொஞ்சம் மாறும், மன்னிச்சுக்கோங்க. எங்கள் மேலும் தப்பு இருக்கு. செப்டம்பரில் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டதும் நாங்களும் ஓடிப்போய்க் கோயில் ஸ்டோரில் தேவைக்கு மேல் அரிசி வாங்கி அடுக்கினோம். சாமி காரியம் என்று சொல்லிக்கொண்டோம். அந்த வாரம் பக்கத்துத் தாமானில் ஒரு குடும்பத்துக்கு உள்நாட்டு அரிசி கிடைக்காமல் போனதில் எங்கள் பங்கும் உண்டு. இனி அப்படிச் செய்ய மாட்டோம் என்று கூட்டத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். பூசத்துக்குச் சில மூட்டை அரிசி தருகிறோம், வாசலில் எங்கள் பேனர் கட்டுங்கள் என்று ஒரு பெரிய கடையிலிருந்து கேட்டார்கள். பேர் வேண்டாம். கமிட்டியில் வாக்குவாதமே நடந்தது. நாங்கள் வேண்டாம் என்றோம். வருஷம் முழுக்க நம் ஜனங்களிடம் கூடுதலாக வாங்கியதில் ஒரு கைப்பிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முருகன் வாசலில் பேர் போட்டுக்கொள்வதா? உபயம் என்றால் அது உபயமாக வரட்டும், விளம்பரமாக வேண்டாம்.

2011இல் வந்த கொள்ளை லாபத் தடுப்புச் சட்டப்படி நிறுவனத்துக்கு முதல் தடவையே 5 லட்சம் வெள்ளி வரை அபராதம் போடலாம். ஆனால் பில் இல்லாமல் எந்தப் புகாரும் நிற்காது. ஆகவே இந்த மாதம் முதல் வாங்குகிற பில்லைத் தூக்கிப் போடாதீங்க. உள்நாட்டு அரிசி இல்லாத அடுக்கைத் தேதியோடு போட்டோ எடுங்க. வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க, நம் பிள்ளைகள் இரண்டு பேர் அதை வரிசைப்படுத்தி உள்நாட்டு வாணிப அமைச்சுக்குப் புகாராக அனுப்புவார்கள். சின்னக் கடைகளை மாட்டிவிடுவதற்கு இல்லை. கடைக்காரர்களும் தங்கள் கொள்முதல் பில்லைத் தரச் சம்மதித்திருக்கிறார்கள், பேர் மறைத்து அனுப்புவோம்.

ஒரு நகல் நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் போகும். தம்பூன் தொகுதிக்கு உறுப்பினர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நாட்டுக்கே பிரதமர், நிதியமைச்சரும் அவர்தான். ஓட்டு கேட்க இந்தப் பக்கம் வந்தபோது நம்மவர்கள் மாலை போட்டார்கள். அந்த ஒரே வாசல் 2031 வரை பூட்டியேதான் இருக்க வேண்டுமா, விலை எப்படி வைக்கப்படுகிறது என்பதை வெளியே வைப்பார்களா, இந்த இரண்டு கேள்வி மட்டும் மரியாதையாகக் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். மனு கோயில் ஆபீசில் இருக்கு.

பூசத்தன்று சோறு உண்டு. சாம்பார், ஒரு கூட்டு, ரசம், மோர். பாயசம் மட்டும் இந்த வருஷம் கிடையாது, வடையும் சந்தேகம்தான். வெள்ளிக்கிழமைச் சாப்பாடும் நிற்காது. 24ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்குக் காய் வெட்ட ஆள் வேணும், கத்தியும் பலகையும் வீட்டிலிருந்து கொண்டு வந்துடுங்க, கோயிலில் இருப்பது பத்தாது.