சங்கத்துக்குப் படகு வாங்குவதற்கு முன்

மளிகைக் கடைக்காரருக்குப் படகு எதற்கு என்று முடிச்சூர்ப் பக்கம் யாரும் கேட்க மாட்டார்கள். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. வரதராஜபுரம், முடிச்சூர், மேற்குத் தாம்பரம் தெருக்களில் படகு ஓடியதை நாம் கண்ணால் கண்டோம். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் நமக்கு இந்தக் கதி என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அந்த ஏரியின் உபரி நீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. நாம் அதற்கு மேற்புறம் இருக்கிறோம். நம்மை மூழ்கடிப்பது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். ஆகவே செம்பரம்பாக்கம் செய்தி வரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

அந்த வாரம் நம் அங்கத்தினர் ஒருவர் அரிசி, பருப்பு, பால் பவுடர் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிக் காப்பாற்றிவிட்டார். ஆனால் இரண்டு தெரு தள்ளிக் கைக்குழந்தையோடு மாடியில் நின்ற வாடிக்கையாளருக்கு ஒரு பாக்கெட் கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லை. அதே நாட்களில் சென்னையில் சில இடங்களில் பால் லிட்டர் 100 ரூபாய்க்கு விற்றது. பழி முழுவதும் வணிகர் இனத்தின் மேல் விழுந்தது. சரக்கை வைத்துக்கொண்டு பட்டினி பார்த்தவர்கள் என்ற பெயரை நாம் இன்னொரு முறை வாங்கக்கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் மறுபடியும் படகு இறங்கிய பிறகு, சங்கத்துக்கென்று ஒன்று வாங்கலாமே என்ற பேச்சு நம் கூட்டங்களில் எழுகிறது. வாங்கலாம் என்பதே நமது கருத்து. ஆனால் விற்பனையாளர் காட்டும் முதல் படகை வாங்கிவிடக்கூடாது.

மீனவ நண்பர்கள் லாரியில் ஏற்றி வந்த ஃபைபர் படகுகள்தான் அன்று நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றின. அந்த நன்றியை மறக்க முடியாது. ஆனால் அவை கடல் அலைக்குச் செய்யப்பட்டவை. ஓட்டுவதற்கு அவர்களுடைய கையும் வேண்டும். நமக்கு வேண்டியது வேகமல்ல. இடுப்பளவுத் தண்ணீரில் தட்டாமல் போக வேண்டும், மூட்டையையும் முதியவரையும் சாயாமல் தாங்க வேண்டும். அந்த வகையில் பாண்டூன் எனப்படும் மிதவைப் படகு நல்லது. இரண்டு நீளமான, காற்றடைத்து மூடிய குழாய்களின் மேல் தட்டையான தளம், அவ்வளவுதான். தளம் தட்டையாக இருப்பதால் அரிசி மூட்டையை அடுக்கலாம், நாற்காலியோடு பாட்டியை ஏற்றலாம். குழாய் ஒரே அறையாக இருக்கிறதா, தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். மதில் சுவர்க் கம்பி குத்தி ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்ற அறைகள் தாங்கும். அகலத்தையும் நாமே டேப் பிடித்து அளக்க வேண்டும். ஏரியில் உல்லாசமாகச் சுற்றுவதற்கென்று அமெரிக்காவில் விற்கும் மிதவைப் படகுகள் எட்டரை அடி அகலம் வரும். நம் குறுக்குத் தெருக்களில் இருபுறமும் வண்டிகள் மூழ்கிக் கிடக்கும்போது அது நுழையாது.

“எட்டுப் பேர் தாராளமாகப் போகலாம் சார்” என்றார் நாம் விசாரித்த ஒரு விற்பனையாளர். எத்தனை கிலோ என்று கேட்டோம். புரட்டிப் பார்க்கப் புத்தகத்தைத் தேடினார். இருபத்தைந்து கிலோ மூட்டை பன்னிரண்டு வைத்தால் 300 கிலோ. நான்கு ஆட்கள் 260 கிலோ. எஞ்சினும் பெட்ரோலும் தனி. எடை போட்டே பிழைக்கும் நாம் தலைக்கணக்கை நம்பி வாங்கலாமா? தாங்கும் எடை படகிலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும், பில்லிலும் எழுதித் தர வேண்டும்.

விலை குறைவு என்று காற்றடைக்கும் ரப்பர் படகை நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது மிக நல்ல படகு. மீட்புப் படையினரே அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் நாம் அதை மடித்து எங்கே வைப்போம்? குடோனில். குடோனில் யார் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். சாக்கை விட்டுவைக்காத எலி ரப்பரை விட்டுவைக்குமா? மழை வந்த அன்று பிரித்துப் பார்த்தால் சல்லடையாக இருக்கும்.

எஞ்சின் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பின்பலகையில் மாட்டும் எஞ்சினின் தண்டு 15 அங்குலம், 20 அங்குலம் என்று வெவ்வேறு நீளத்தில் வருகிறது. பலகை உயரத்துக்குப் பொருந்தாததைத் தள்ளிவிட்டால், ஒன்று காற்றாடி தரையில் இடிக்கும் அல்லது தண்ணீரே எட்டாது. வருடம் முழுவதும் சும்மா கிடந்தால் உள்ளே இருக்கும் பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு முறையாவது ஓட்ட வேண்டும். தண்ணீரால் குளிரும் எஞ்சின் என்பதால் டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் இறக்கித்தான் ஓட்ட வேண்டும். வறட்சியாக ஓட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர்ச் சக்கரம் போய்விடும். மண்ணெண்ணெய் விற்ற காலத்துப் பழக்கத்தில் பெட்ரோல் கேனைக் கடைக்குள் வைத்துவிடாதீர்கள். துடுப்பு இரண்டு ஜோடியும், நீண்ட மூங்கில் கழியும் எஞ்சினை விட நம்பகமானவை என்பது நம் அபிப்பிராயம்.

கொட்டேஷன் வாங்கும்போது வரி, லாரி வாடகை, படகை ஏற்றும் டிரெய்லர், உயிர்காப்பு மேலாடைகள் எல்லாம் சேர்த்த ஒரே தொகையாகக் கேளுங்கள். மூன்று இடத்தில் கேளுங்கள். உதிரிபாகம் சென்னையிலேயே கையிருப்பில் இருக்கிறதா, பழுது பார்க்க ஆள் வருவாரா, உத்தரவாதம் எஞ்சினுக்கும் குழாய்க்கும் தனித்தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் தண்ணீரில் ஓட்டிப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும், அதுவும் மூட்டை ஏற்றி. ஷோரூமில் நிற்கும் படகு எல்லாமே மிதக்கும். வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காடு படகுத்துறைக்குப் போய்ப் படகோட்டிகளிடம் பேச்சுக் கொடுத்தால், எந்தக் குழாய் எத்தனை வருடம் உழைக்கிறது என்று விற்பனையாளர் சொல்லாததையும் சொல்வார்கள். எஞ்சின் பூட்டிய படகுக்கு 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு, காப்பீடு பற்றியும் முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது.

இத்தனையும் சரியாக அமைந்தாலும், யார் ஓட்டுவது என்பதை முடிவு செய்யாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். நீச்சல் தெரிந்த இளைஞர்கள் நான்கு பேர், தீயணைப்பு நிலையத்தில் பயிற்சி கேட்கத் தயாரானவர்கள், முதலில் பெயர் கொடுக்கட்டும். வெள்ளத்தின்போது அதிகாரிகள் சொல்லும் இடத்துக்கே படகு போகும் என்பதும், ஏற்றிச் செல்லும் சரக்கு அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு காசு கூடாது என்பதும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். ஆடி மாதக் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொண்டால்தான் ஐப்பசி மழைக்கு முன் படகு வந்து சேரும்.