மூடி மறைக்க அதில் என்ன இருக்கிறது?

பிரிட்டனில் சரக்கு ரயில்களின் நேர விவரம் பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாதாம். வணிக ரகசியம் கசியுமாம். இது சொத்தை வாதம். ரயில் பாதைகளை நிர்வகிக்கும் ‘நெட்வொர்க் ரயில்’ நிறுவனம் வெளியிடும் இயக்க அட்டவணையைப் புரட்டினால் தெரியும்: வண்டி எண், புறப்படும் இடம், சேரும் இடம், வழியில் கடக்கும் நேரம். எண் 6-இல் தொடங்கினால் வேகம் மணிக்கு 60 மைல் வரை. 4 என்றால் 75 வரை. உள்ளே யாருடைய சரக்கு, என்ன கூலி? ஒரு வரிகூடக் கிடையாது. அட்டவணையில் இருந்தாலும், பல வண்டிகள் தேவைப்பட்டால்தான் ஓடவே செய்யும்.

“அணு எரிபொருள் ஏற்றிய வண்டி?” என்று மடக்குகிறார்கள். 1984-இல் இங்கிலாந்தின் ஓல்ட் டால்பியில், அந்த எரிபொருளை ஏற்றிச்செல்லும் கொள்கலன்மீது ஆளில்லா ரயிலை மணிக்கு 100 மைல் வேகத்தில் மோதவிட்டு, ஊரறியக் காட்டியது அன்றைய மின் வாரியம். கொள்கலன் தாங்கியது. மக்களின் அச்சத்தை அப்படித்தான் எதிர்கொண்டார்கள்.

நள்ளிரவில் சுவர் அதிர விழித்தெழும் பாதையோரக் குடும்பம், எந்த வண்டி என்று தெரிந்தால்தானே முறையிட முடியும்? பாதை அரசுடையது, பராமரிப்பில் வரிப்பணமும் இருக்கிறது. அட்டவணையை மூடச் சொல்பவர்கள், அதனால் விளைந்த ஒரு கேட்டையாவது முதலில் காட்டட்டும்.