காதை பிளக்கும் சைலன்சர்: பைக்கை பிடித்தால் மட்டும் போதுமா?

உழவர்கரை:
வேலை முடிந்து வந்து கண் அசருகிற நேரம். தெருவில் ‘டமால்... டுமீல்’ என ஒரு பைக் பறக்கிறது. தொட்டில் குழந்தை வீறிட்டு அழுகிறது. உழவர்கரை நகராட்சி பகுதி மக்களின் தீராத புலம்பல் இது. நோயாளிகள் நிறைந்த ஜிப்மர் ஆஸ்பத்திரியும் இந்த நகராட்சி எல்லையில்தான் இருக்கிறது.

சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புகள்தான் இன்ஜின் சத்தத்தை அடக்குகின்றன. அவற்றை கழற்றிவிட்டால் வெறும் குழாய்தான். ஓடும்போதே சாவியை ஆப் செய்து ஆன் செய்தால், எரியாத பெட்ரோல் சூடான சைலன்சருக்குள் வெடிக்கும். அந்த ‘டமால்’ சத்தத்தின் ரகசியம் இதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி குடியிருப்பு பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அளவு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டம் 190(2) பிரிவின்படி 3 மாதம் வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. 2021 ஜூலையில் அலகாபாத் ஐகோர்ட்டு இந்த பிரச்சினையை தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது.

அப்படியும் சத்தம் ஏன் ஓயவில்லை? மாட்டுவது ஓட்டுபவர் மட்டும்தான். ஒரு சைலன்சரை போலீசார் பிடுங்கினால், மறுநாள் இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம். விற்ற கடைக்காரருக்கும், மாட்டிவிட்ட மெக்கானிக்குக்கும் நஷ்டம் இல்லை. தவணையில் பைக் வாங்கி கொடுத்த அப்பா தலையில்தான் அபராதம் விடியும்.

ராத்திரி ரோட்டில் நிற்கும் போலீசார், பகலில் கடைகளுக்கும் போனால்தான் ஜனங்கள் நிம்மதியாக தூங்க முடியும். போக்குவரத்து துறையும் கைகோர்க்குமா?