யாருக்குத் தரிசு?

காடு வெட்டப்படுமுன் அதன் பெயர் மாற்றப்படுகிறது. 'தரிசு' என்று ஏட்டில் எழுதிவிட்டால், பின்பு கோடரிக்குத் தடையில்லை.

நீலகிரியின் உச்சியில் சோலைக்காடும் புல்வெளியும் இணைந்தே இருந்தன. மழைநீரைத் தேக்கிவைத்துக் கோடையிலும் ஓடைகளை ஊட்டியவை அவை. மரமில்லாத புல்வெளி வீண்நிலம் என்று கருதப்பட்டு, அதன்மேல் சீகையும் தைலமரமும் நடப்பட்டன. அம்மரங்கள் மலையிறங்கிச் சிறுமுகை விஸ்கோஸ் ஆலையில் கூழாகி, ரேயான் இழையாயின. 1990களில் ஆலைக்கழிவு பவானியாற்றைக் கெடுத்தபோது மக்கள் போராடினர். ஆலை பின்னர் மூடப்பட்டது. சீகையோ இன்றும் புல்வெளியை விழுங்கிவருகிறது. அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கையை வெளியிட நேர்ந்தது.

கேரளத்து மாவூரில், 1958ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, காட்டு மூங்கில் டன் ஒரு ரூபாய்க்குக் கூழ் ஆலைக்கு வழங்கப்பட்டது. கூடை முடையும் ஏழைக்கு அவ்விலை உண்டா? காடு மெலிந்தது, சாலியாறு நஞ்சானது, 2001இல் ஆலையும் மூடப்பட்டது. வேலைவாய்ப்பின் பெயரால் வந்தது தொழிலாளரைத் தெருவில் விட்டுச் சென்றது.

"தாள் வேண்டாமா? இவ்விதழே தாளில்தானே அச்சாகிறது?" என்பர். வேண்டும். ஆனால் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு 1980களில் புகளூரில் காகித ஆலை எழுந்ததே! காட்டை விட்டால் வழியில்லை என்ற வாதம் நம் மாநிலத்திலேயே பொய்த்துவிட்டது. ஆலையை நாம் எதிர்க்கவில்லை; காட்டுக்கு விலையில்லை என்னும் கணக்கையே எதிர்க்கிறோம்.

தாம்பரத்தில் வாழும் நமக்கு நீலகிரி தொலைவு என்று எண்ணவேண்டாம். செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் சென்றுசேரும் பள்ளிக்கரணைச் சதுப்பும் ஏட்டில் வீண்நிலமாகவே கிடந்தது. ஆகவேதான் அங்கே குப்பை கொட்டினோம், கட்டடம் எழுப்பினோம். 2015 டிசம்பரில் தண்ணீர் தன் இடத்தைத் தேடி நம் வீடுகளுக்குள் வந்தது. 2022இல் அச்சதுப்பு ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. உலகம் மதிக்கும் நிலத்தை நாம் தரிசு என்றோம்!

பெருவெள்ளத்தின் அதே ஆண்டில் வெளிவந்த திருத்தந்தை பிரான்சிசின் சுற்றுமடல், இயற்கைக் காட்டுக்குப் பதிலாக ஒரேவகை மரத்தோட்டம் வளர்ப்பதையும், சதுப்பை விளைநிலமாக்குவதையும் அடுத்தடுத்தே எச்சரிக்கிறது. படைத்தவர் எந்த நிலத்தையும் வீண் என்று ஒதுக்கவில்லை. அவ்வுரிமையை நமக்கு அளித்தது யார்?

அன்பியக் கூட்டங்களிலும் வார்டு கூட்டங்களிலும் இனி நாம் கேட்கவேண்டும்: எந்த ஏரிக்கரை, எந்தப் புறம்போக்கு இன்று 'பயனற்றது' என எழுதப்படுகிறது? எழுதுபவர் யார்? எவருடைய பயனுக்காக?