நாள் தள்ளிப்போனா முதல்ல பப்பாளி இல்ல, டெஸ்ட்!

1/ "டாக்டர், 6 நாள் தள்ளிப்போயிருக்கு, பயமா இருக்கு." வாரம் தவறாம இன்பாக்ஸ்ல வர்ற கேள்வி. கேக்குறவங்கள்ல நிறைய பேர் அதுக்கு முன்னாடியே ஏதோ ஒரு மாத்திரையை முழுங்கியிருப்பாங்க. கொஞ்சம் கோபத்தோடதான் எழுதுறேன். நீளமான திரெட், பொறுமையா படிங்க.

2/ ஒரு நைட் டியூட்டி. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) கல்லூரி மாணவி. அடிவயிற்று வலி, மயக்கம், வெளிறிப்போன முகம். "ஏதோ சாப்பாடு ஒத்துக்கல"ன்னு அம்மா சொன்னாங்க. அம்மாவை வெளிய உக்கார வச்சிட்டு தனியா கேட்டேன். நாள் தள்ளிப்போய் ரெண்டு வாரம். மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாமலே கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டிருக்கா. டெஸ்ட்கூட பண்ணல.

3/ கர்ப்பம் கருப்பையில இல்ல, கருக்குழாய்ல. அந்த மாத்திரை கருப்பைக்குள்ள இருக்குற கர்ப்பத்துக்குத்தான் வேலை செய்யும். ஆனா ரத்தப்போக்கு வந்ததால "எல்லாம் முடிஞ்சது"ன்னு நம்பிட்டா. குழாய் வெடிச்சு வயிறு முழுக்க ரத்தம். ராத்திரியோட ராத்திரியா ஆபரேஷன். பிழைச்சுட்டா.

4/ "முன்னாடியே ஏம்மா வரல?"ன்னு கேட்டேன். "வந்தா முதல்ல கல்யாணம் ஆயிடுச்சான்னுதானே கேப்பீங்க?" என்கிட்ட பதில் இல்ல. சக டாக்டர்களே, நர்ஸ்களே, நாம கேக்க வேண்டியது ரெண்டே கேள்வி. கடைசியா எப்ப பீரியட்ஸ் வந்துச்சு? கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா? இதையும் கூட வந்தவங்களை வெளிய அனுப்பிட்டு கேக்கணும். கழுத்துல தாலி இருக்கா, கால்ல மெட்டி இருக்கான்னு பாக்குறது வைத்தியம் இல்ல.

5/ நம்ம பேச்சையே கவனிங்க. "நாள் தள்ளிப்போயிருக்கு", "முழுகாம இருக்கா". ரெண்டுக்கும் அர்த்தம் கர்ப்பம்தான். கல்யாணம் ஆனவளுக்கு அதைச் சொன்னா வீட்ல சர்க்கரை குடுக்குறாங்க. ஆகாதவளுக்குச் சொன்னா வீடே இடிஞ்சு விழுது. இந்தப் பயம்தான் பொண்ணுங்களை மெடிக்கல் ஷாப்புக்கு ஓட வைக்குது.

6/ தள்ளிப்போனாலே கர்ப்பமா? இல்ல. 28 நாள்ங்கிறது சராசரி. 21 முதல் 35 நாள் வரைக்கும் வர்றது இயல்பு. முட்டை வெளிவந்து சுமார் 14 நாள் கழிச்சுத்தான் பீரியட்ஸ் வரும். பரீட்சை, காய்ச்சல், தூக்கமின்மை, பட்டினி டயட், திடீர்னு எடை கூடுறது, குறையுறதுன்னு ஏதாவது ஒண்ணு முட்டை வெளிவர்றதைத் தள்ளிவச்சா, பீரியட்ஸும் அத்தனை நாள் தள்ளிப்போகும். ஆனா உறவு இருந்திருந்தா, "டென்ஷனாதான் இருக்கும்"னு நீங்களே முடிவு பண்ணாதீங்க.

7/ டெஸ்ட் பண்ணுங்க. கிட் நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும். வர வேண்டிய தேதி தாண்டினதும் காலையில முதல் சிறுநீர்ல பாருங்க. அட்டையில போட்டிருக்குற நேரத்துக்குள்ள முடிவைப் பாருங்க. அந்த நேரத்துக்குள்ள ரெண்டாவது கோடு மங்கலா வந்தாலும் அது பாசிட்டிவ்தான். நெகட்டிவ் வந்தும் பீரியட்ஸ் வரலைன்னா ஒரு வாரம் கழிச்சு திரும்பப் பண்ணுங்க. உங்களுக்கு எப்பவுமே தேதி ஒழுங்கா இருக்காதா? கடைசியா உறவு கொண்ட நாள்ல இருந்து 21 நாள் கழிச்சு பாருங்க.

8/ ஐபில் போட்டிருக்கீங்களா? அது முட்டை வெளிவர்றதைத் தள்ளிவைக்கிற மாத்திரை. 72 மணி நேரத்துக்குள்ள போடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதைப் போட்டா அடுத்த பீரியட்ஸ் முன்னபின்ன ஆகும். ஒரு வாரத்துக்கு மேல தள்ளிப்போனா டெஸ்ட். ஏற்கனவே உண்டான கர்ப்பத்தை அது கலைக்காது. "பயமா இருக்கு, இன்னொண்ணு போட்டுக்கவா?"ன்னு கேக்காதீங்க. குழப்பம்தான் கூடும்.

9/ பப்பாளி, அன்னாசி, எள்ளுருண்டை. இதையெல்லாம் தின்னா கர்ப்பம் கலையும்ங்கிறதுக்கு நம்பகமான ஆதாரம் இல்ல. கர்ப்பம் இல்லாதவளுக்கு தானா வந்த பீரியட்ஸுக்கு பப்பாளி பேர் வாங்கிடுது. கர்ப்பமா இருக்கிறவளுக்கோ பொன்னான ரெண்டு வாரம் வீணாப் போகுது.

10/ பாசிட்டிவ் வந்து, இந்தக் கர்ப்பம் வேண்டாம்னா? கருக்கலைப்புக்கு 1971லயே சட்டம் வந்தாச்சு. 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டரோட கருத்து போதும். கருத்தடை தோல்வியும் ஏத்துக்கப்பட்ட காரணம்தான். 2021 திருத்தத்துல "கணவர்"ங்கிற இடத்துல "துணைவர்"னு மாத்தியாச்சு. கல்யாணம் ஆனவங்க, ஆகாதவங்கன்னு பிரிக்கக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்னைக்கு தெளிவா சொல்லிடுச்சு.

11/ 18 வயசு முடிஞ்சிருந்தா உங்க சம்மதம் மட்டும் போதும். "புருஷன் கையெழுத்து வாங்கிட்டு வா", "அப்பாவைக் கூட்டிட்டு வா"ன்னு யார் சொன்னாலும் அது சட்டத்துல இல்ல. உங்க பேரை வெளிய சொன்னா அது குற்றம். 18க்கு கீழன்னா பாதுகாவலர் சம்மதம் வேணும், போக்சோ சட்டப்படி டாக்டர் தகவல் சொல்லியாகணும். ஆனா அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கிட்டா, அந்தத் தகவல்ல அவ அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லைன்னு அதே தீர்ப்புல இருக்கு.

12/ மாத்திரை மூலமா கலைக்கிறது சரியானபடி செஞ்சா பாதுகாப்பானது. 9 வாரம் வரைக்கும் அனுமதி உண்டு. எத்தனை வாரம், கர்ப்பம் எங்க இருக்கு, ரத்த அளவு என்னன்னு பாத்துட்டுத்தான் குடுக்கணும். மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. சீட்டு இல்லாம அதை விக்கிறதும் தப்பு.

13/ இதை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க. நாள் தள்ளிப்போயிருக்கும்போது அடிவயித்துல ஒரு பக்கமா கடும் வலி, மயக்கம், தோள்பட்டை வலி, ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு பேடு நனையுற அளவு ரத்தப்போக்கு. இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. 108க்கு கூப்பிடுங்க. விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

14/ டெஸ்ட் நெகட்டிவ், ஆனா 3 மாசமா பீரியட்ஸே இல்லையா? தைராய்டு, ப்ரோலாக்டின், பிசிஓஎஸ்னு பாக்க வேண்டியது இருக்கு. அதுக்கும் டாக்டர்கிட்ட வாங்க.

15/ கடைசியா அம்மாக்களுக்கு. உங்க பொண்ணு "நாள் தள்ளிப்போயிருக்கும்மா"ன்னு சொன்னா, அந்த ஒரு நிமிஷம் உங்க முகம் எப்படி மாறுதுங்கிறதுலதான் அடுத்து அவ யார்கிட்ட போவாங்கிறது இருக்கு. அன்னைக்கு என் வார்டு வாசல்ல உக்காந்திருந்த அம்மா விடியுற வரைக்கும் ஒண்ணே ஒண்ணைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாங்க: "என்கிட்ட ஏன் சொல்லல?"